தங்க ஊசியும் முருங்கைக்கீரையும்

தன் இடது கண் இமை சரிந்துபோனதற்கு மருமகள் வைத்துக் கொடுத்த முருங்கைக்கீரைச் சாறுதான் காரணம் என்பதில் லஸ்மினிக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. திங்கள்கிழமை மதியம் குடித்தாள். செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்றால், இடது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தொங்குகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மருமகள் திக்காவைச் சொல்லியும் குற்றமில்லை. போனில் எதையோ படித்துவிட்டு, முருங்கை ரத்த அழுத்தத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது என்று சோளமெல்லாம் போட்டுத் தெளிந்த சாறாக வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். இது என்ன கீரை என்று லஸ்மினி கேட்பதற்குள் பாதிக் கிண்ணம் உள்ளே போய்விட்டது. பதிலைக் கேட்ட பிறகு நிறுத்தவும் முடியவில்லை. ஜாவாவின் இந்தச் சோலோ நகரத்தில் ஒரு பெண் முருங்கைக்கீரையைக் கண்டு பின்வாங்கினால், எதிரில் இருப்பவர்கள் உடனே அவள் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களை மயக்குவதற்காக முகத்துக்குள் மந்திரித்த ஊசி வைத்திருக்கிறவர்களுக்குத்தான் முருங்கை ஆகாது. பட்டாலே ஊசிக்குக் கோபம் வரும், தின்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மீதிக் கிண்ணத்தையும் சிரித்துக்கொண்டே குடித்து வைத்தாள்.

லஸ்மினியின் முகத்துக்குள் ஒன்பது தங்க ஊசிகள் இருந்தன.

ஆள் பிடிக்க வைத்துக்கொண்டது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பெண்களின் நெற்றியில் கறுப்பு மையால் வளைவு எழுதி அலங்காரம் செய்யும் தொழிலில் அவள் அப்போதுதான் காலை ஊன்ற முயன்றுகொண்டிருந்தாள். கை சுத்தம், வேலை நேர்த்தி, ஆனால் முகம் சாதாரண முகம். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தன் மூஞ்சிக்கே வழி பண்ணிக்கத் தெரியாதவளா எங்க பொண்ணுக்கு நெத்தி எழுதப் போறா?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அன்று இரவெல்லாம் லஸ்மினி அழுதாள். மறுவாரமே போயொலாலிப் பக்கம் ஒரு மந்திரக்காரரிடம் போய், புருவத்திலும் நெற்றிப்பொட்டிலும் கன்னத்திலும் ஊசி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொன்றும் அரிசிமணி நீளம், முடியைவிடக் கொஞ்சம் தடிமன். ஏற்றும்போது எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது.

தொழில் பிடித்துக்கொண்டது. அது ஊசியாலோ, அவள் கைவேலையாலோ, யார் கண்டது. ஆனால் ஊசி வைத்த மூன்றாவது மாதம் இன்னொன்றும் நடந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த சர்ஜோனோ, ஊர்ப் பெண்களெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்த சர்ஜோனோ, அவளைப் பெண் கேட்டு வந்து நின்றான். அங்கேதான் முள் தைத்தது. வந்தது எனக்காகவா, ஊசிக்காகவா? இரண்டு பிள்ளை பெற்று, ஒரு பேரன் எடுத்து, தலை நரைத்த பிறகும் அந்த முள் உள்ளேயே இருந்தது. இது மார்க்கத்துக்கு ஆகாத காரியம் வேறு. சர்ஜோனோ இப்போது பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறவர். அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? முப்பத்திரண்டு வருஷமும் மயக்கத்தில் நடந்த கல்யாணம் என்றுதானே நினைப்பார்.

இமை சரிந்த அன்றே, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மந்திரக்காரரின் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். எடுத்தது மகன். அவளை 'இபு', அம்மா, என்று மரியாதையாக அழைத்து, அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆயிற்று என்றான்.

"அந்த வேலையெல்லாம் அப்பாவோட போயிடுச்சு இபு. நான் வாத்து வறுவல் கடை வச்சிருக்கேன். வேணும்னா சொல்லுங்க, பார்சல் அனுப்புறேன்."

இரண்டு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சமாளித்தாள். கண் நோய் என்றாள், ஒட்டிக்கொள்ளும், கிட்டே வராதீர்கள் என்றாள். சனிக்கிழமை ஒரு கல்யாணம் இருந்தது. ஒத்திகைக்காகப் பெண்ணின் நெற்றியில் கறுப்பு மை வளைவு எழுத உட்கார்ந்தால், ஒரு நெற்றிக்கு இரண்டு நெற்றி தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டுதான் எழுத முடிந்தது. வியாழக்கிழமை காலை இடது கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வலி கிளம்பியது பாருங்கள், அதுவரை தலைவலி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தலைவலியே இல்லை. வாந்தி எடுத்தாள். ஓடிவந்த புருஷன் இரண்டு புருஷனாகத் தெரிந்தார். ஒருத்தரைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. சர்ஜோனோ அவளுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அவளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

டாக்டர் ஹப்சோரோ மெதுவாகப் பேசுகிறவர். அவளுடைய கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு இன்னும் மெதுவாகப் பேசினார்.

"இபு, இமை தொங்குறது மட்டும்னா நான் அவசரப்பட மாட்டேன். உங்க இடது கண்மணி விரிஞ்சே கிடக்கு, வெளிச்சம் அடிச்சாலும் சுருங்கல. கண்ணை அசைக்கிற நரம்பை உள்ளேயிருந்து எதுவோ அழுத்துது. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு இடம் பலவீனமாகி, குமிழி மாதிரி வீங்கியிருக்கலாம்."

"வீங்கினா?" என்றார் சர்ஜோனோ.

"உடைஞ்சா உயிருக்கு ஆபத்து, ஐயா. இன்னும் உடையலன்னுதான் நினைக்கிறேன். அதுக்குள்ள எங்கே இருக்கு, எவ்வளவு பெருசு, அது குழாயோட ஒட்டுற கழுத்து எப்படி இருக்குன்னு தெரிஞ்சுட்டா இன்னைக்கே அடைச்சிடலாம். சி.டி. ஸ்கேன் எடுத்துடுவோம். புது மெஷின் வந்திருக்கு. தலைமுடி கனத்துல இருக்கிறதைக்கூட விட்டுவைக்காம காட்டிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மாத்திரை குடுங்க டாக்டர்," என்றாள் லஸ்மினி. "படமெல்லாம் வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்?" என்றார் சர்ஜோனோ.

"வேண்டாம்னா வேண்டாம்."

"சம்பந்தி வீட்டுக் கூட்டத்தையே ஒரு சீப்பை வச்சு மிரட்டுறவ நீ. ஒரு மெஷினுக்கா பயப்படுற?"

அவளுக்கு மெஷினிடம் பயமில்லை. பயமெல்லாம் இந்த மனுஷனிடம்தான். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைப் பெரிய உறையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் இவருடைய முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை ஒரு மாதம் முன்னறை ஜன்னலில் ஒட்டிவைத்து, வருகிறவன் போகிறவன் எல்லோரையும் நிறுத்தி, "இங்க பாருங்க தேய்மானம், இங்க பாருங்க எலும்பு முளைச்சிருக்கு" என்று பிரசங்கம் செய்தார். தெருவாசிகள் கூட்டத்துக்குக்கூட உறையோடு போனார். தபால்காரருக்கே அந்த முழங்கால் மனப்பாடம். இப்போது அவளுடைய தலையைப் படம் எடுத்துக் கொடுத்தால், வீட்டுக்குப் போகும் வரைக்கும் பொறுக்க மாட்டார், இங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வரிசையாக ஊசி மின்னும். செத்தாலும் சாகலாம், அந்த நிமிஷம் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க அவளால் ஆகாது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

சர்ஜோனோ அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்தார், பிரித்தார், மறுபடி சேர்த்து வைத்தார்.

"எனக்கு டீ போடக்கூடத் தெரியாது," என்றார். குரல் உடைந்துவிட்டது. "நீ பாட்டுக்கு வேண்டாம்னு சொல்ற."

அறுபது வயசு ஆம்பளை அழுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும். சரி என்று தலையாட்டினாள். உள்ளே போய் அந்த மெஷின்காரியின் காலில் விழுந்தாவது படத்தைக் கொடுக்காமல் செய்துவிடலாம் என்று ஒரு கணக்கு அவளுக்கு.

மெஷின்காரியின் பெயர் நிங்ரும். முப்பத்தைந்து வயசிருக்கும், உயரமானவள், முக்காட்டின் ஓரத்தில் ஒரு பேனாவைச் செருகி வைத்திருந்தாள். நடையில் தள்ளுகட்டிலை நிறுத்தி, ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். மருந்து ஒவ்வாமை உண்டா? சிறுநீரகக் கோளாறு உண்டா? கேள்வி லஸ்மினிக்கு, பதில் சொன்னதெல்லாம் சர்ஜோனோ.

"உடம்புக்குள்ள ஏதாவது உலோகம் இருக்கா? கம்பி, பிளேட்டு, ஊசி?"

"மனசுதான் இரும்பு," என்றார் சர்ஜோனோ. "மத்தபடி ஒண்ணும் கிடையாது. எழுதிக்கம்மா."

நிங்ரும் லஸ்மினியைப் பார்த்தாள். லஸ்மினி கூரையைப் பார்த்தாள். இல்லை என்ற இடத்தில் ஒரு கோடு விழுந்தது.

அறைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. நடுவில் பெரிய வெள்ளை வளையம், அதற்குள் நுழைந்து வெளியேறும் குறுகலான படுக்கை. கையில் ஊசி குத்தி ஒரு குழாயைப் பொருத்தினாள் நிங்ரும். "முதல்ல ஒரு சின்னப் படம், இபு. அளவு பாக்கத்தான். அப்புறம்தான் மருந்து," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். படுக்கை நகர்ந்தது, வளையம் ஹூம் என்றது, நின்றது. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஒலிபெருக்கியில் குரல் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நிங்ரும் திரையைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து நிற்பது லஸ்மினியின் நல்ல கண்ணுக்குத் தெரிந்தது.

போச்சு, தெரிந்துவிட்டது. லஸ்மினி எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. ஒரு காலைக் கீழே தொங்கப் போட்டாள்.

கனமான கதவு திறந்தது. நிங்ரும் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை வச்சீங்க இபு?"

லஸ்மினி அவளை முறைத்தாள். "என்னது எத்தனை?"

"இபு, நான் இந்த வேலைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது வர்றாங்க. பேர் சொல்ல மாட்டேன். ஆனா மீசை வச்சவங்களும் வருவாங்க, அதை மட்டும் சொல்லிக்கிறேன். எல்லாரும் இல்லைன்னுதான் எழுதச் சொல்வாங்க. அப்புறம் இந்தப் படுக்கையிலேயே உக்காந்து என்னை முறைப்பாங்க, இப்ப நீங்க முறைக்கிற மாதிரி."

லஸ்மினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முப்பத்திரண்டு வருஷமாக எவரிடமும் சொல்லாத எண், வாயைவிட்டு வந்தது.

"ஒன்பது."

நிங்ரும் புருவத்தைச் சுருக்கினாள். "ஏழுதானே இருக்கு."

"ஒன்பது. எனக்குத் தெரியாதா? நான்தானே படுத்துக் கிடந்தேன்."

"எலும்பு வரைக்கும் எண்ணிப் பாத்துட்டேன் இபு. புருவத்துல ரெண்டு, நெத்திப்பொட்டுல ரெண்டு, கன்னத்துல மூணு. ஏழு."

லஸ்மினி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு முகம் சிவந்தது. "படுபாவி. ஒன்பதுக்குக் காசு எண்ணித்தானே வாங்கிக்கிட்டான். ரெண்டை அமுக்கிட்டானே. தங்கமாவது நெசந்தானா?"

"தங்கம் மாதிரிதான் காட்டுது," என்றாள் நிங்ரும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, இப்ப விஷயத்துக்கு வாங்க. புருவமும் பொட்டும் இருக்கே, உங்க குமிழி இருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்படுற இடமும் கிட்டத்தட்ட அதே மட்டத்துலதான் வருது. பழைய மெஷின்னா, தங்கத்துல பட்டு வெள்ளைக் கோடா சிதறும். சரியா எந்த இடத்தைப் பாக்கணுமோ அதையே மறைச்சிடும். இது அப்படி இல்ல. வர்ற கதிரை ஒட்டுமொத்தமா அளக்காம, ஒவ்வொண்ணா எண்ணும், ஒவ்வொண்ணோட பலத்தையும் பாக்கும். எது தங்கத்தைத் தாண்டி வந்துச்சு, எது எலும்பைத் தாண்டி வந்துச்சுன்னு அதுக்குத் தெரியும். மாவைச் சலிக்கிற மாதிரி தனித்தனியா பிரிச்சிடலாம். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த மாதிரி வைக்க முடியும். அதுக்குத்தான் அந்தத் தாள்ல கேள்வி."

"படத்தை அவர்கிட்டக் குடுப்பியே," என்றாள் லஸ்மினி. "குடுத்தா என் குடும்பம் போச்சு பொண்ணே. இந்த ஊசியை வச்ச மூணாவது மாசம் அந்த மனுஷன் என்னைக் கட்டிக்க வந்தார். புரியுதா உனக்கு? நான் கட்டிவச்ச வீட்டுக்கு அடித்தளமே பொய்யோன்னு நானே இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அவர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நிங்ரும் உடனே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது லஸ்மினிக்குப் பிடித்திருந்தது.

"டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும்," என்றாள் கடைசியில். "நாளைக்கு உங்களை வேற மெஷின்ல, காந்த மெஷின்ல போடணும்னு வந்தா, அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அவர் வாயைத் திறக்க மாட்டார். உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்றது என் வேலை இல்ல, அவர் வேலையும் இல்ல. அது உங்க பாடு. ரத்தக்குழாய் படம் மட்டும் பிரிண்ட் போட்டு உறையில வைக்கிறேன். தங்கம் இருக்காது, எலும்பு இருக்காது, தோல் இருக்காது. போதுமா? இப்பப் படுங்க. நாம பேசுற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் குமிழிக்கு லாபம்."

லஸ்மினி தொங்கப் போட்ட காலை மேலே எடுத்துக்கொண்டாள்.

"மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சுடும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க. அசையாம மட்டும் இருங்க."

பிஸ்மில்லா சொன்னாள். தொண்டையில் தொடங்கிய சூடு மார்பு, வயிறு என்று இறங்கி, நிங்ரும் சொன்ன இடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஐயோ, நிஜமாகவே போய்விட்டதோ என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே வளையம் சுழன்றது, படுக்கை நகர்ந்தது, நின்றது. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் லஸ்மினி. இரண்டு நாள் ஒளிந்ததும், பொய் சொன்னதும், சாகத் துணிந்ததும் இந்தப் பத்து எண்ணிக்கைக்காகவா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவ்வளவுதான் இபு. துணி நனையல, நான் பாத்துட்டேன்."

டாக்டர் ஹப்சோரோ அரைமணி நேரத்தில் வந்தார். கையில் பெரிய உறை. குமிழி இருந்தது. இடது கண் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது, ஒரு சின்னப் பட்டாணி அளவு. இன்னும் உடையவில்லை.

"குமிழியோட கழுத்து குறுகலா இருக்கு. அதுதான் நமக்கு நல்லது," என்றார். "தொடையில ஒரு சின்ன ஓட்டை போட்டு, ரத்தக்குழாய் வழியாவே மேலே போய், குமிழிக்குள்ள மெல்லிசான பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி அடைச்சிடுவோம். தலையைத் திறக்க வேண்டாம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா விட்டுவைக்கிறதுல இருக்கிற ஆபத்தோட பாத்தா, இது எவ்வளவோ கம்மி. மதியமே பண்ணிடலாம்." லஸ்மினியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது.

சர்ஜோனோ உறையைப் பிரித்து, அவள் நினைத்தபடியே நேராக ஜன்னலுக்குப் போனார். கறுப்புத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கிளை கிளையாக, வேர் வேராக, ரத்தக்குழாய்கள் மட்டும் தெரிந்தன. வேறு ஒன்றுமே இல்லை. ஒரு கிளையின் முட்டியில் அந்தப் பட்டாணி.

"இவ்வளவு அழகாவா இருக்கு உள்ளே," என்றார். மூக்கை உறிஞ்சினார். "தலைக்குள்ள பிளாட்டினம் வேற வைக்கப் போறாங்களாம். தங்கமெல்லாம் இனி உன் கால் தூசு."

தங்கம் என்ற சொல் லஸ்மினியை எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளியது. அவர் எதுவும் தெரியாமல்தான் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது. நிங்ரும் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். ரகசியம் பத்திரமாக இருந்தது. இப்படியே கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம், வெளியே வரலாம். வராமலும் போகலாம். வராமல் போனால் இந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் ஒரு பொய்க்குத் தொழுதுகொண்டிருப்பார். அவள் நெஞ்சு அதற்கு ஒப்பவில்லை.

ஆனாலும் வாய் வரவில்லை. மதியம் வரைக்கும் வரவில்லை. பச்சை உடுப்பு மாட்டி, தள்ளுகட்டிலில் ஏற்றி, நடையில் உருட்டிக்கொண்டு போகும்போது, அறுவை அறையின் இரட்டைக் கதவு கண்ணில் பட்ட பிறகுதான் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என் முகத்துல ஊசி இருக்கு. தங்க ஊசி. ஏழு. உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே வச்சுக்கிட்டேன். நீங்க வந்தது அதனாலயா இருக்கும். என்னை மன்னிச்சிடுங்க."

சர்ஜோனோவின் வாய் திறந்தது. தள்ளுகிறவர் நிற்கவில்லை. கை பிரிந்தது, கதவு திறந்து மூடிக்கொண்டது. அவர் முகத்தில் அவள் கடைசியாகப் பார்த்தது என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. கோபமா, திகைப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. மயக்க மருந்து கொடுத்த பெண் நூறிலிருந்து இறக்கி எண்ணச் சொன்னாள். தொண்ணூற்றெட்டில் லஸ்மினி, போய்விட்டார், வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தாள். தொண்ணூற்றேழு நினைவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் காலை வெயில். தொண்டை காய்ந்திருந்தது. தொடையில் கட்டு. கையை அசைத்தாள், அசைந்தது. கால் விரலை மடக்கினாள், மடங்கியது. தன் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. உயிரோடுதான் இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. பிறகு நல்ல கண்ணால் மெதுவாகப் பக்கத்து நாற்காலியைத் தேடினாள்.

அவர் இருந்தார். சட்டை கசங்கி, தாடி முளைத்து, அவளுக்கு வைத்திருந்த கஞ்சியைத் தானே குடித்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு வச்சது," என்றாள்.

"நீ தூங்கிட்டு இருந்த. ஆறிப்போயிடுமேன்னு," என்றார் சர்ஜோனோ. கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "டாக்டர் நல்லா அடைச்சாச்சுன்னு சொன்னார். இமை மெல்ல மெல்லத்தான் ஏறுமாம். சில வாரம் ஆகும், சில மாசமும் ஆகலாமாம். ஆனா ஏறும்கிறார்."

லஸ்மினி தலையாட்டினாள். அவர் மேலே பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போயிட்ட," என்றார். "மூணு மணி நேரம் அந்த பெஞ்சில உக்காந்து யோசிச்சேன். எனக்குக் கோபம்தான், இல்லைன்னு சொல்லல. இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சியே. நான் என்ன யாரோவா?"

"பயம்," என்றாள்.

"அந்த ஊசி யாருக்கு வேலை செய்யும்?"

"என்ன?"

"கேக்குறேன்ல. யாரை மயக்கும் அது?"

"முகத்தைப் பாக்குறவங்களை."

"நான் உன்னைப் பெண் கேட்டு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, கிளேவர் சந்தையில ஒரு துணிக்கடைக்குப் போனேன். உனக்குத் தெரியாது. கூரை உசரத்துக்குத் துணிக்கட்டு அடுக்கியிருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை கடைக்காரனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிக்கிட்டு இருந்தா. சாயம் போற துணியைக் கல்யாணப் பொண்ணுக்குக் குடுப்பியா, அவ வேர்வையில கறுப்பா ஒழுகினா நீ வந்து துடைப்பியா, உன் பொண்ணா இருந்தா குடுப்பியான்னு. யாரோ ஊர் பேர் தெரியாத பொண்ணுக்காக அந்தச் சண்டை. நான் இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். சும்மா நிக்கக் கூடாதேன்னு நாலு கைலி வாங்கினேன். இந்தக் குரலோடதான் நான் வாழணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். நீ யாரு, கறுப்பா சிவப்பா, கிழவியா குமரியா, ஒண்ணும் தெரியாது எனக்கு. நடுவுல துணிதான் இருந்துச்சு."

லஸ்மினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணுக்குத்தான் இமை முழுசாகத் திறந்திருந்தது, கண்ணீர் இரண்டிலிருந்தும் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் நீ வெளிய வந்த. முகத்தைப் பாத்தேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு." கிண்ணத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை கரண்டியை அவள் வாய்ப் பக்கம் நீட்டினார். "கொசுறு."